கிந்துப்பும் ஐந்நூறு மரக்கட்டைகளும்

பள்ளிக்கூட பூகோளப் புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடும் விஷயம் இது. திபெத்தில் சாங்போ என்று ஓடும் ஆறுதான் அருணாசலப் பிரதேசத்தில் சியாங் ஆகி, அஸ்ஸாமுக்குள் வந்து பிரம்மபுத்திரா ஆகிறது. பரீட்சையில் வந்தால் ஒரு மார்க். அந்த ஒரு மார்க் விடைக்காக ஒரு மனிதர் நாலு வருஷம் அலைந்தார், அடிமையாக விற்கப்பட்டார், தப்பி ஓடினார், மறுபடியும் விலைபோனார், ஒரு குகையில் ஐந்நூறு மரக்கட்டைகளை ஒளித்து வைத்தார். அவர் பெயர் கிந்துப். சிக்கிம்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்த தொழில் தையல்.

அது 1880. திபெத்துக்குள் வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத காலம். ஆனால் வரைபடத்தில் ஒரு பெரிய வெள்ளைத் திட்டு இருப்பதை சர்வே ஆஃப் இந்தியாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. (நம்ம பரங்கிமலைப் பக்கம் 1802ல் லாம்டன் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்த அதே அளவை வேலைதான், வளர்ந்து வளர்ந்து இமயமலை வரைக்கும் போயிருந்தது.) வெள்ளைக்காரர் போக முடியாத இடத்துக்கு மலைவாழ் மக்களையே யாத்ரீகர் வேஷம் போட்டு அனுப்பினார்கள். இவர்களுக்கு 'பண்டிட்கள்' என்று பெயர். ஜபமாலையில் இருக்க வேண்டிய 108 மணிக்குப் பதில் 100 மணி. நூறு அடி வைத்தால் ஒரு மணி தள்ள வேண்டும். கையில் சுற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக அளவுக் குறிப்புகள். இந்த வேலையில் மிகப் பிரபலமானவர் நயின் சிங். 1877ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கமே கொடுத்தது.

அப்போது தீராமல் இருந்த புதிர் சாங்போதான். திபெத் பீடபூமியில் மேற்கிலிருந்து கிழக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் இந்த ஆறு, நம்சா பர்வா (7,782 மீட்டர்), கியாலா பெரி (7,294 மீட்டர்) என்ற இரண்டு ராட்சத மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் நுழைந்து காணாமல் போகிறது. உள்ளே நுழையும்போது அதன் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 மீட்டர். அந்தப் பக்கம் அஸ்ஸாம் சமவெளியில் வந்து விழும் ஆறோ 150 மீட்டருக்கும் கீழே. இரண்டும் ஒரே ஆறு என்றால் நடுவில் இவ்வளவு உயரத்தை எப்படி இறங்குகிறது? நயாகராவைத் தூக்கிச் சாப்பிடும் ஓர் அருவி அங்கே ஒளிந்திருக்க வேண்டும் என்று லண்டன் கனவான்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டார்கள். சாங்போ பிரம்மபுத்திராவே இல்லை, பர்மாவின் ஐராவதி என்று சாதித்தவர்களும் உண்டு.

டார்ஜிலிங் பக்கம் வேலை பார்த்த கேப்டன் ஹார்மன் இதற்கு ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். மேலே சாங்போவில் அடையாளமிட்ட மரக்கட்டைகளைப் போட வேண்டும். கீழே அஸ்ஸாமில் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டை வந்தால் இரண்டும் ஒரே ஆறு. அவ்வளவுதான்! ஒரு நாளைக்கு ஐம்பது வீதம் பத்து நாளைக்கு ஐந்நூறு கட்டைகள். ஆற்றின் கரையோடு அஸ்ஸாம் வரைக்கும் நடந்து வர முடிந்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் கட்டைத் திட்டம்.

இதற்கு ஹார்மன் அனுப்பியது இரண்டு பேரை. தலைமைக்கு ஒரு சீன லாமா. அவருக்கு வேலைக்காரனாகவும் வழிகாட்டியாகவும் கிந்துப். கிந்துப்புக்குப் பாதை கொஞ்சம் தெரியும், ஏனென்றால் 1878-79ல் நெம் சிங் என்பவருடன் பள்ளத்தாக்கின் வாசலான கியாலா வரை ஏற்கனவே போய்விட்டு வந்தவர். பாதை தெரிந்தவர் வேலைக்காரன், படிக்கத் தெரிந்தவர் தலைவர். அந்தக் காலத்துக்கு அதுதான் நியாயம்.

1880ல் டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பினார்கள். லாமாவுக்கு அவசரமே இல்லை. லாசாவில் நண்பர்களோடு சில நாள். பிறகு வழியில் ஒரு கிராமத்தில் தங்கிய வீட்டுக்காரரின் மனைவி மேல் காதல் வந்துவிட, அங்கேயே நாலு மாதம்! விஷயம் கணவருக்குத் தெரிந்து, 25 ரூபாய் கொடுத்துத்தான் சமாதானமாகிக் கிளம்ப முடிந்தது. சர்க்கார் பணத்தில் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதியிருப்பார் என்பதை பி.காம். நண்பர்களே சொல்லட்டும்.

எப்படியோ இரண்டு பேரும் கியாலாவைத் தாண்டிப் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, பேமகோசுங் என்ற சின்ன மடம் வரை போனார்கள். காட்டுக்கு நடுவே சில துறவிகள் மட்டும் இருந்த இடம். அதற்கு முன் அளவைத் துறையின் ஆள் யாரும் அவ்வளவு தூரம் உள்ளே போனதில்லை. மடத்துக்குப் பக்கத்தில் ஆறு பாறையிலிருந்து விழுவதையும், திவலையில் வானவில் நிற்பதையும் கிந்துப் பார்த்தார். இந்த அருவியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய தகராறே இதனால்தான். அதற்கு மேல் வழியில்லை. செங்குத்துப் பாறை. திரும்பி வேறு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

1881ல் தோங்ஜுக் என்ற ஊரின் கோட்டைக்கு வந்தார்கள். லாமா உள்ளே போய் அந்த ஊர் அதிகாரியிடம் பேசினார். பிறகு கிந்துப்பிடம், கொஞ்ச நாள் இங்கேயே இரு, ஒரு வேலையாகப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினார். வரவே இல்லை. நாள் போகப் போகத்தான் கிந்துப்புக்கு விஷயம் புரிந்தது. லாமா அவரை அந்த அதிகாரிக்கு அடிமையாக விற்றுவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டார்.

பல மாதம் அடிமை வேலை. 1882 மார்ச்சில் தப்பித்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். ஏமாற்றப்பட்டவர், கையில் பணமில்லை, கூட வந்த தலைவரே ஓடிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் நேராக டார்ஜிலிங் பக்கம் நடையைக் கட்டியிருப்பார்கள். யாரும் தப்பு சொல்ல முடியாது. கிந்துப் கிளம்பியது எதிர்த் திசையில். சாங்போவின் கீழ்ப்போக்கில், பேமகோ நாட்டுக்குள், கட்டை போடவேண்டிய இடத்தை நோக்கி.

விற்ற இடத்து ஆட்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். மார்பங் என்ற ஊரின் மடத்தில் ஓடி விழுந்து தலைமை லாமாவிடம் அடைக்கலம் கேட்டார் கிந்துப். அந்த லாமா நல்ல மனுஷர். துரத்தி வந்தவர்களுக்கு 50 ரூபாய் கொடுத்து கிந்துப்பை வாங்கிக்கொண்டார். ஆமாம், வாங்கித்தான் கொண்டார். அடைக்கலம் கிடைத்தாலும் இப்போது இவருக்கு அடிமை. வித்தியாசம் என்னவென்றால் இந்த எஜமானர் தீர்த்த யாத்திரைக்கு லீவு கொடுப்பார்.

நாலரை மாதம் உழைத்துவிட்டு கிந்துப் யாத்திரைக்கு லீவு கேட்டார். கிடைத்தது. போனது ஆற்றங்கரைக் காட்டுக்கு. தன்னந்தனியாக மரம் வெட்டி, ஒவ்வொன்றும் ஓர் அடி நீளத்தில் ஐந்நூறு கட்டைகளைத் தயார் செய்தார். உடனே ஆற்றில் விட்டால் பிரயோஜனமில்லை, கீழே பார்ப்பவருக்கு எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே! ஆகவே எல்லாவற்றையும் மனித நடமாட்டம் இல்லாத ஒரு பெரிய குகைக்குள் சுமந்துகொண்டு போய் அடுக்கி மறைத்தார். மடத்துக்குத் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். சுற்றுலாப் பத்திரிகைகளில் எத்தனையோ குகைகளைப் பற்றி எழுதுகிறார்கள். இந்தக் குகைக்கு ஒரு பெயர்ப் பலகை கூட இல்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் யாத்திரை லீவு. இந்தத் தடவை லாசாவுக்கே நடந்தார். ஒரு கடிதம் அனுப்புவதற்காக! தனக்கு எழுத வராது என்பதால் அங்கே ஒரு சிக்கிம்காரரைப் பிடித்து, டார்ஜிலிங்கில் இருக்கும் நெம் சிங்குக்கு எழுதச் சொன்னார். லாமா என்னை விற்றுவிட்டு சர்க்கார் சாமான்களோடு ஓடிவிட்டார். ஆனாலும் ஹார்மன் துரை சொன்னபடி ஐந்நூறு கட்டைகள் தயார். திபெத்தியக் கணக்கில் இந்த வருஷம், பத்தாம் மாதம், ஐந்தாம் தேதியிலிருந்து பதினைந்து வரை, தினம் ஐம்பது வீதம் பிபுங் என்ற இடத்தில் ஆற்றில் விடுவேன் என்பதுதான் கடிதத்தின் சாரம். அழுகை, புலம்பல், சம்பளப் பாக்கி எதுவும் கிடையாது. டெலிவரி தேதி மட்டும். கடிதத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு மறுபடி மார்பங் மடத்துக்கே நடந்து வந்து, எஜமானரிடம் இன்னும் ஒன்பது மாதம் உழைத்தார். லாசா வரை போனவர் அப்படியே ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கட்டைகள் குகையில் இருக்கின்றனவே!

இவ்வளவு பக்திமான் வேலையாளைப் பார்த்து மனமிரங்கிய லாமா, கடைசியில் அவரை விடுதலை செய்தார். சொன்ன தேதி வந்தது. 1883ன் கடைசி. கிந்துப் குகையிலிருந்து கட்டைகளை எடுத்து வந்து தினம் ஐம்பதாக, பத்து நாளும் பிசகாமல் ஆற்றில் விட்டார்.

கீழே யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

கடிதம் உரிய நேரத்தில் உரிய கைக்குப் போய்ச் சேரவில்லை. அது மட்டுமா, உடம்பு கெட்டு இந்தியாவை விட்டே போயிருந்த ஹார்மன், அதே 1883ல், கட்டைகள் ஆற்றில் இறங்குவதற்குப் பல மாதம் முன்பே, இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் இறந்துவிட்டார். ஐந்நூறு கட்டைகளும் யார் கண்ணிலும் படாமல் பிரம்மபுத்திராவில் மிதந்து வங்காள விரிகுடா வரை போயிருக்க வேண்டும்.

பிசினஸ் லா பேப்பரில் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 படிப்போம் அல்லவா? அதில் 201வது பிரிவு, முதல்வர் இறந்துபோனால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. ஆனால் 208வது பிரிவு, அந்த முடிவு முகவருக்குத் தெரியவரும் வரை அவரைப் பொறுத்தவரை செல்லாது என்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பாடப் புத்தகத்தில் வரும் 'ஏ' என்பவர் 'பி' என்பவரிடம் சரக்கு வாங்கும் உதாரணத்தை விட இது நல்ல உதாரணம். (உண்மையில் முதல்வர் சர்க்கார்தான், ஹார்மன் இல்லை. அது தெரிந்தால் இன்னும் கோபம்தான் வரும். சர்க்கார் சாகவில்லையே!)

இதோடும் கிந்துப் விடவில்லை. கட்டைத் திட்டம் இரண்டாவது வழிதானே, முதல் வழியான நடையையும் முயற்சி செய்து ஆற்றோடு தெற்கே இறங்கினார். பிரிட்டிஷ் எல்லைக்குச் சில பத்து மைல் தூரம் வரை வந்துவிட்டார். அங்கிருந்த மலை இனத்தவர் வெளியாட்களை விடாதவர்கள் என்பதால் அதற்கு மேல் முடியவில்லை. வந்த வழியே திரும்பி, லாசாவைச் சுற்றி, 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். போனவர் நாலு வருஷத்துக்குப் பிறகு வந்து நின்றபோது அவர் எதற்காக அனுப்பப்பட்டார் என்பதே அங்கே பலருக்கு மறந்து போயிருந்தது.

குறிப்பு எழுதி வைக்கத் தெரியாததால் நாலு வருஷத்துப் பாதையையும் ஞாபகத்திலிருந்தே சொன்னார். ஒருவர் கேட்டு எழுத, அது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு 1889ல் அறிக்கையாக அச்சானது. அதில்தான் அந்த அருவி வந்தது. பேமகோசுங் அருகே சாங்போ ஆறு 'சிஞ்சி சோக்யால்' என்ற பாறையிலிருந்து 150 அடி கீழே விழுகிறது, அடியில் ஏரி, எப்போதும் வானவில். லண்டனில் ஒரே பரபரப்பு. கனவு கண்ட அருவி கிடைத்துவிட்டது! வரைபடங்களில் 'சாங்போ அருவி' ஏறியது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உள்ளூர்க்காரன் சொன்னதை நம்பலாமா என்ற முணுமுணுப்பும் கூடவே இருந்தது. கிந்துப் தையல் வேலைக்குத் திரும்பினார். நடுவில் வாடெல் என்ற வெள்ளைக்காரருக்கு இமயமலைப் பயணங்களில் வழிகாட்டியாகவும் போனார்.

1913ல் பெய்லி, மார்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்குக்குள் போனார்கள். கிந்துப்பின் அறிக்கையை வைத்துக்கொண்டே நடந்தார்கள். சொன்ன ஊர், சொன்ன மடம், சொன்ன தூரம் எல்லாம் சரியாக இருந்தது. முப்பது வருஷம் முன்பு ஞாபகத்திலிருந்து சொன்னது! ஆனால் பேமகோசுங் அருவி மட்டும் 150 அடி இல்லை, சுமார் 30 அடிதான்.

பொய் சொன்னாரா கிந்துப்? விடை கியாலாவிலேயே இருந்தது. அங்கே ஆற்றின் எதிர்க்கரையில் ஒரு சின்ன ஓடை உயரமான பாறையிலிருந்து விழுகிறது. அதன் பெயர்தான் சிஞ்சி சோக்யால், அதாவது நம்ம எமதர்மராஜா. நீர்த்திரைக்குப் பின்னால் பாறையில் எமனின் உருவம் இருக்கிறது, தண்ணீர் குறையும்போது தெரியும் என்பது யாத்ரீகர்களின் நம்பிக்கை. கிந்துப் இரண்டு அருவிகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். 150 அடி ஓடை ஒன்று, வானவில் நிற்கும் ஆற்று அருவி இன்னொன்று. எழுதியவரோ மொழிபெயர்த்தவரோ இரண்டையும் கலந்து ஒன்றாக்கிவிட்டார்கள். எழுதத் தெரிந்தவர்கள் செய்த தப்பு, எழுதத் தெரியாதவர் பெயரில் முப்பது வருஷம் நின்றது.

அருவிக் கதையும் அத்தோடு முடியவில்லை. 1924ல் தாவரவியல்காரர் கிங்டன்-வார்ட், காடர் பிரபு என்பவரோடு போய் இன்னும் உள்ளே ஓர் அருவியைப் பார்த்தார். 40 அடி என்று மதிப்பிட்டார். அதற்கு அப்பால் சில மைல் தூரம் யாராலும் நுழைய முடியாமல் கிடந்தது, பெரிய அருவி ஒன்றும் இல்லை என்று உலகமும் விட்டுவிட்டது. 1998 நவம்பரில் அமெரிக்கர்களான இயான் பேக்கர், கென் ஸ்டார்ம், ஹமித் சர்தார் மூவரும் அங்கே போனார்கள். கிங்டன்-வார்டின் அருவியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மலைத் திருப்பத்துக்குப் பின்னால், இன்னொரு அருவி இருந்தது. கருவி வைத்து அளந்தார்கள்: 108 அடி! பண்டிட்கள் ஜபமாலையிலிருந்து எட்டு மணிகளைக் கழற்றியதற்கு ஆறு பழி வாங்கியது போல ஓர் எண்.

'மறைந்த அருவி' கண்டுபிடிக்கப்பட்டது என்று 1999 ஜனவரியில் பத்திரிகைகளில் செய்தி. எங்கள் ஆட்கள் முன்பே பார்த்துவிட்டார்கள் என்று சீனாவில் மறுப்பு. யார் முதலில் என்று சண்டை. ஆனால் அமெரிக்கர்களுக்குக் காட்டிலும் பாறையிலும் வழி காட்டிக் கூட்டிப்போனவர்கள் மோன்பா வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகப் போய் வரும் இடம். இதைக் 'கண்டுபிடித்தார்கள்' என்று சொல்வது, அடுத்த வீட்டுக் கிணற்றைக் கண்டுபிடித்த மாதிரி.

(சாங்போ இறங்கும் இதே உயரத்துக்குத்தான் இப்போது கணக்கு வேறு விதமாகப் போகிறது. இந்த மலை வளைவில் 1.2 லட்சம் கோடி யுவான் செலவில் உலகத்திலேயே பெரிய நீர்மின் திட்டத்தை 2025 ஜூலையில் சீனா ஆரம்பித்திருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

ஒரு பாக்கி இருக்கிறது. கிந்துப்புக்கு என்ன கிடைத்தது?

1913 பயணத்தை முடித்துத் திரும்பிய பெய்லி, கிந்துப் உயிரோடு இருக்கிறாரா என்று தேடச் சொன்னார். இருந்தார். டார்ஜிலிங்கில் தைத்துக்கொண்டிருந்தார். சிம்லாவுக்கு அழைத்து வந்து பேசினார்கள். இரண்டு அருவிக் குழப்பத்தை அவர் வாயாலேயே தெளிவாக்கிக்கொண்டது அப்போதுதான். இவருக்கு மாதா மாதம் ஒரு சின்னப் பென்ஷன் கொடுங்கள் என்று பெய்லி சர்க்காரிடம் மன்றாடினார். பெய்லியைச் சும்மா சொல்லக்கூடாது, விடாமல் கேட்டிருக்கிறார். சர்க்கார் மறுத்துவிட்டது. காரணம், இந்த ஆள் தொண்ணூறு வயது வரை உயிரோடு இருந்துவிட்டால் மொத்தச் செலவு எவ்வளவு ஆகும் என்று இப்போதே சொல்ல முடியாதாம். பென்ஷனுக்குப் பதில் ஒரே தடவையாக 1,000 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். மொத்தத் தொகையா, வருடாந்தரத் தொகையா என்ற கணக்கில் சர்க்கார் பயந்தது ஒன்றுக்குத்தான், அவர் அதிக நாள் வாழ்ந்துவிடுவாரோ என்று.

இந்தப் பள்ளத்தாக்கு ஆராய்ச்சிக்காகப் பெய்லிக்கு 1916ல் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. கிந்துப் ஆயிரம் ரூபாயை வாங்கிக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார். சில மாதங்களில் இறந்துவிட்டார்.